கோழிக்கு ஊசி போடுகிறார்களா?

புறொய்லர் கோழி வாங்கி வந்தால் நம் வீடுகளில் ஒரு கதை எழும். "ஊசி போட்டு வளர்த்தது, பிள்ளைகளுக்குக் கூடாது" என்பார்கள் அம்மம்மாமார். பெண்பிள்ளைகள் முந்திப் பெரியபிள்ளையாவதற்கும் அந்தக் கோழியின் மேல்தான் பழி. ஊரில் முற்றத்தில் மேய்ந்த கோழி கறிக்கு வர மாதக்கணக்கில் காத்திருந்த நமக்கு, ஆறு கிழமையில் இரண்டரைக் கிலோ என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் கனடாவில் கோழிக்கு வளர்ச்சி ஓமோன் கொடுப்பது 1963 முதலே தடை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் தடை. (நோய்க்குக் கொடுக்கும் மருந்துகள் வேறு கதை.) கோழி பெருத்ததன் காரணம் அதன் மரபணுக்களில் இருக்கிறது.

கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகம் 1957, 1978ஆம் ஆண்டுகளின் இறைச்சிக் கோழி வகைகளை மாற்றமின்றிப் பேணி வந்தது. அவற்றையும் 2005ஆம் ஆண்டின் வகையையும் ஒரே தீனி கொடுத்து வளர்த்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. 56ஆம் நாளில் 1957இன் கோழி 905 கிராம், 1978இன் கோழி 1,808 கிராம், 2005இன் கோழி 4,202 கிராம்.

ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளுக்குள்ளும் மரபணுவில் சின்னச் சின்ன வேறுபாடுகள் உண்டு. ஒன்று பசியைச் சற்றுக் கூட்டும், இன்னொன்று நெஞ்சுத் தசையை. தனியே பார்த்தால் பெரும்பாலானவற்றின் பங்கு மிகச் சிறிது. தலைமுறைதோறும் நிறை கூடியவற்றையே இனப்பெருக்கத்துக்குத் தெரிவு செய்தால் அவை ஒன்றுசேரும். அமெரிக்காவின் வேர்ஜினியாவில் பேராசிரியர் போல் சீகல் 1957இல் ஒரே கோழி இனத்திலிருந்து இரண்டு பரம்பரைகளைத் தொடங்கினார்: ஒன்றில் பாரமானவற்றை மட்டும், மற்றதில் மெலிந்தவற்றை மட்டும் தெரிந்தெடுத்தார். நாற்பது தலைமுறைக்குப் பின் நிறை வித்தியாசம் எட்டு மடங்கைத் தாண்டியது. வித்தியாசத்தின் பெரும்பகுதி பசியில். மெலிந்த பரம்பரையில் சில குஞ்சுகள் தீனி முன்னால் இருந்தும் தின்னாமலே செத்தன. பாரமான பரம்பரைக்குப் 'போதும்' என்பதே தெரியாது.

நாம் வாங்கும் கோழியின் தாய்க்கும் அந்தப் பசிதான். வயிறார விட்டால் கொழுத்து முட்டை குறையும் என்று அதற்குத் தீனியை அளந்தே போடுகிறார்கள். பாவம், வளரும் காலம் முழுக்க அது பசியோடு நிற்கிறது. குஞ்சுகளில் சிலவற்றுக்குக் காலும் இதயமும் உடம்பின் பாரத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. ஊசியைப் பற்றிப் பேசும் நாம் இதைப் பேசுவதில்லை.

மெதுவாக வளரும் வகைகளும் சந்தையில் உண்டு. பிரான்சில் 'லேபிள் ரூஜ்' முத்திரைக் கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்திருக்க வேண்டும். விலை கூட. இறைச்சியும் கொஞ்சம் இறுக்கம், ஊர்க்கோழி மாதிரி அடுப்பில் கூட நேரம் அவியவிட வேண்டும்.