பாயை இறக்கு, மலையில் ஏறு!

கடலில் பாய் விரித்துப் படகு ஓட்டுவது ஒரு சுகம். காட்டு வழியே நடந்து மலை ஏறுவது இன்னொரு சுகம். இந்த இரண்டு சுகமும் ஒரே நாளில் கிடைக்குமா?

கிடைக்கும்!

காலையில் காற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு தீவுக்குப் போகலாம். அங்கே நங்கூரம் போட்டுவிட்டு, மரங்களின் நிழலில் நடந்து மலை உச்சியை அடையலாம். மாலையில் இறங்கி வந்து படகிலேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, நட்சத்திரங்களைப் பார்த்தபடி தூங்கலாம். மறுநாள் வேறு தீவு. வேறு மலை.

அந்த இடத்தின் பெயர் விட்சண்டே தீவுகள். ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில், குயின்ஸ்லாந்து மாநிலக் கடலில் இருக்கிறது. மொத்தம் 74 தீவுகள். ஒரு சில தீவுகளில்தான் விடுதிகள் உண்டு. மற்றவை ஆள் குடியிருப்பு இல்லாத காடுகள். பெரும்பாலும் அரசாங்கத்தின் பாதுகாப்பில் உள்ள தேசியப் பூங்காக்கள்.

தீவுகளுக்கு அப்பால், நடுக்கடலில், 2,300 கிலோ மீட்டர் நீளத்துக்கு ஒரு பவளப் பாறைத் தொடர் உண்டு. உலகத்திலேயே பெரியது அதுதான். பெருங்கடலின் பேரலைகள் அதில் மோதி உடைந்துவிடும். அதனால் தீவுகளுக்கு நடுவே உள்ள கடல் மற்ற இடங்களைவிட அடக்கமாக இருக்கும். பாய்மரப் படகுக்காரர்கள் இங்கே தேடி வருவதற்கு இது ஒரு காரணம்.

ஞாயிறா? திங்களா?

தீவுகளுக்கு இந்தப் பெயர் வந்த கதை வேடிக்கையானது.

1770ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் தேதி, இங்கிலாந்து மாலுமி ஜேம்ஸ் குக் இந்தத் தீவுகளுக்கு நடுவே கப்பல் விட்டார். அன்று ஈஸ்டருக்குப் பின் வரும் ஏழாவது ஞாயிறு என்று அவருடைய கப்பல் கணக்கு காட்டியது. அந்தத் திருநாளை ஆங்கிலேயர்கள் "விட் சண்டே" என்பார்கள். அந்தப் பெயரையே அந்தக் கடல் வழிக்கு வைத்துவிட்டார் குக்.

ஆனால், இன்றைய தேதிக் கணக்குப்படி பார்த்தால் அன்று ஞாயிறு அல்ல. திங்கட்கிழமை!

குக் இங்கிலாந்திலிருந்து மேற்குத் திசையிலேயே போய், பாதி உலகத்துக்கு மேல் சுற்றி அங்கே வந்தவர். சூரியன் போகும் திசையிலேயே போனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீளும். அந்தக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கடைசியில் கணக்கில் ஒரு நாள் குறைந்துவிடும். தேதிக் கோடு என்ற ஏற்பாடு அந்தக் காலத்தில் கிடையாது. ஆகவே திங்கட்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமையின் பெயர் கிடைத்தது!

குக் அங்கே இன்னொன்றையும் கண்டார். ஒரு தீவின் மணற்கரையில் மனிதர்கள் நின்றார்கள். பக்கத்தில் ஒரு படகு. அதன் பக்கவாட்டில் மிதவைக் கட்டை பூட்டியிருந்தது. அந்தக் கரையோரத்தில் அதுவரை பார்த்த படகுகளைவிட அது பெரிது என்றும், அமைப்பும் வேறு என்றும் தம் குறிப்பில் எழுதி வைத்தார்.

யார் அவர்கள்? அந்தக் கடலின் உண்மையான சொந்தக்காரர்கள்.

தலை மட்டும் தெரியும் மலைகள்

இந்தத் தீவுகள் ஒரு காலத்தில் தீவுகளே அல்ல. மலைகள்!

பனி யுகத்தில் உலகத்துத் தண்ணீரில் ஏராளமான பகுதி பனிக்கட்டியாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிட வெகு கீழே இருந்தது. இன்று படகு ஓடும் இடம் அன்று மனிதன் நடந்த தரை. பிறகு பனி உருகியது. கடல் ஏறியது. பள்ளத்தாக்குகள் மூழ்கின. மலைகளின் தலைகள் மட்டும் வெளியே நின்றன. அந்தத் தலைகள்தாம் இன்றைய தீவுகள்.

ஆகவே இங்கே படகில் மட்டும் சுற்றுகிறவன் பாதியைத்தான் பார்க்கிறான். மலை மேல் ஏறிப் பார்த்தால்தான் மூழ்கிய பள்ளத்தாக்குகள் எங்கே வளைந்து போகின்றன, எந்த மலை எந்த மலைக்குத் தம்பி என்பது புரியும்.

அந்தக் கடல் ஏறிய காலத்திலேயே அங்கே வாழ்ந்த மக்கள் உண்டு. அவர்களுக்கு "ஙாரோ" என்று பெயர். இந்தப் பெயரின் முதல் ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து தேவை. தமிழில் ஒன்றே போதும். அரிச்சுவடியில் எல்லாரும் படித்த "ங"தான் அது!

நிலம் தீவானது. ஙாரோ மக்கள் கடலோடிகள் ஆனார்கள். மரப்பட்டைகளைத் தைத்துப் படகு செய்தார்கள். தீவு விட்டுத் தீவு போய் ஆமையும் மீனும் பிடித்தார்கள். மலை ஏறிக் கல் வெட்டினார்கள். இன்றைக்கு உல்லாசப் பயணிகள் செய்வதை அவர்கள் பிழைப்புக்காகவே செய்தார்கள்.

கப்பித்தான் நீங்களே!

இங்கே உள்ள பெரிய வசதி, படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம் என்பது. ஏர்லி பீச் என்ற ஊர்தான் வாசல். தலைநகர் பிரிஸ்பேனிலிருந்து சாலை வழியாகச் சுமார் 1,100 கிலோ மீட்டர் வடக்கே இருக்கிறது.

இதற்குத் தனி லைசென்ஸ் கேட்பதில்லை. ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுச் சும்மா அனுப்பிவிடவும் மாட்டார்கள். பாய் ஏற்றுவது, நங்கூரம் போடுவது, கடல் வரைபடம் படிப்பது எல்லாவற்றையும் சொல்லிக் கொடுப்பார்கள். தினமும் ரேடியோவில் பேசி, எங்கே இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். இருட்டுவதற்கு முன்பே நங்கூரம் போட்டாக வேண்டும். ராத்திரியில் படகு ஓட்டக் கூடாது.

நங்கூரத்தைக் கண்ட இடத்திலும் போட முடியாது. சில இடங்களில் கூம்பு வடிவத்தில் வெள்ளை மிதவைகள் இருக்கும். அதற்கு உள்ளே பவளம் இருக்கிறது என்று அர்த்தம். நங்கூரச் சங்கிலி ஒரு முறை புரண்டால், பல ஆண்டுகள் வளர்ந்த பவளம் நொடியில் நொறுங்கிவிடும். அதனால்தான் அந்தத் தடை.

படகு ஓட்டத் தெரியாதவர்களும் கவலைப்பட வேண்டாம். மாலுமியோடு கூடிய படகுகளும் உண்டு.

மாவு போன்ற மணல்

முதல் நடை மிகவும் சுலபமானது. குழந்தைகளும் போகலாம்.

பெரிய தீவான விட்சண்டே தீவில் டங் பே என்ற சிறு குடா இருக்கிறது. படகை அங்கே நிறுத்தி, சிறு ரப்பர் படகில் கரைக்குப் போய், ஒரு கிலோ மீட்டருக்கும் குறைவாக நடந்தால் ஒரு மேடை வரும். கீழே பார்த்தால் கண் கூசும்!

வெள்ளை மணலும் நீலத் தண்ணீரும் ஒன்றோடொன்று கலந்து, பாலில் நீலம் கரைத்து விட்டது போல வளைந்து வளைந்து கிடக்கும். ஹில் இன்லெட் என்று அதற்குப் பெயர். கடல் ஏறி இறங்கும்போது மணலும் நகரும். அதனால் காலையில் பார்த்த கோலம் மாலையில் இருக்காது.

கடல் வற்றும்போதுதான் இந்தக் கோலம் அழகாகத் தெரியும். ஆனால் மிகவும் வற்றிவிட்டால் சிறு படகைக் கரை சேர்ப்பது கஷ்டம். ஆகவே கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பக்கத்திலேயே வைட்ஹேவன் கடற்கரை. ஏழு கிலோ மீட்டர் நீளம். அந்த மணலில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் சிலிக்கா. கண்ணாடி செய்ய உதவும் பொருள் அது. வெயிலை அப்படியே திருப்பி அடித்துவிடுவதால் மணல் அதிகம் சுடாது. வெறுங்காலோடு நடக்கலாம். ஒரு பிடி அள்ளிப் பார்க்கலாம். ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. சட்டப்படி குற்றம்!

மூச்சு வாங்கும் உச்சி

கால் பலம் உள்ளவர்களுக்கு விட்சண்டே சிகரம் காத்திருக்கிறது. உயரம் 437 மீட்டர்.

சிட் ஹார்பர் என்ற துறையில் நங்கூரம் போட வேண்டும். கரைக்குப் பெயர் சாமில் பீச். அதாவது மரம் அறுக்கும் ஆலைக் கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே ஹூப் பைன் மரங்களை வெட்டி அறுத்தார்கள். இன்று ஆலை இல்லை. மரங்கள் மறுபடியும் வளர்ந்து நிற்கின்றன.

உச்சிக்குப் போக இரண்டரை கிலோ மீட்டர். தூரம் கொஞ்சம்தான்; ஆனால் ஏற்றம் செங்குத்து. போய் வர அரை நாள் ஆகும். வழியில் உடும்பு குறுக்கே போகும். மேலே போய்த் திரும்பிப் பார்த்தால், வியர்வையெல்லாம் மறந்துவிடும். எல்லாப் பக்கமும் தீவுகள். நடுவே வெள்ளைப் பாய்கள், வண்ணத்துப்பூச்சிகள் போல!

இறங்கி வந்ததும் கடலில் ஒரு முழுக்குப் போடலாம் என்று ஆசை வரும். இந்தத் துறையில் மட்டும் கூடாது. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில், அடுத்தடுத்த இரண்டு நாட்களில் இரண்டு பேரைச் சுறா கடித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒருவர் உயிரையே இழந்தார். அதற்குப் பிறகு, இங்கே நீந்தாதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகை வைத்தார்கள்.

ஜாக்கிரதை!

அழகு இருக்கும் இடத்தில் ஆபத்தும் உண்டு.

நவம்பர் முதல் மே வரை, கொட்டும் சொறி மீன்கள் அதிகம். ஒரு வகை, பெட்டி வடிவம். அது கொட்டினால் உயிருக்கே ஆபத்து. இன்னொரு வகை, விரல் நகத்தளவுதான். அதனாலும் தாங்க முடியாத வேதனை வரும். ஆகவே கழுத்து முதல் கால் வரை மூடிய உடை அணிந்துதான் தண்ணீரில் இறங்க வேண்டும். கொட்டிவிட்டால் வினிகரை ஊற்றி, உடனே உதவிக்கு அழைக்க வேண்டும்.

தீவுகளில் குடிதண்ணீரை நம்பக் கூடாது. கரையில் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள், ஆள் ஒன்றுக்குத் தினம் ஐந்து லிட்டராவது கொண்டு போக வேண்டும். தங்குவதற்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2017ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி "டெபி" என்ற புயல் இந்தத் தீவுகளின் மேலேயே போனது. ஹாமில்டன் தீவில் காற்று மணிக்கு 263 கிலோ மீட்டர் வேகத்தில் வீசியது! மரங்களில் ஓர் இலை மிஞ்சவில்லை. நடைபாதைகள் சிதைந்தன. பிறகு பாதைகளைத் திருத்தினார்கள். காடு தானாகவே தளிர்த்தது.

நல்ல காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது அங்கே குளிர் காலமும் அதை அடுத்த இளவேனிலும். பகலில் இதமான வெயில். பாய்க்குத் தென்கிழக்குக் காற்று. தென் துருவக் கடலிலிருந்து கூன் முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போட வருவதும் அப்போதுதான்.

கல் சொல்லும் கதை

கடைசியாக இரண்டு நடைகள். இவற்றைப் பார்க்காமல் திரும்பினால் பயணம் முழுமையாகாது.

சவுத் மோல் தீவில் புல் படர்ந்த மலைச் சரிவுகள். அங்கே உள்ள ஜெஃப்ரீஸ் மலை 194 மீட்டர் உயரம். இந்தத் தீவில்தான் ஙாரோ மக்கள் கருவி செய்யக் கல் வெட்டினார்கள். உடைத்துப் போட்ட கற்சில்லுகள் இன்றும் குவிந்து கிடக்கின்றன.

அடுத்தது ஹூக் தீவு. நாரா இன்லெட் என்ற நீண்ட, குறுகிய நீர்வழி தீவுக்குள் நுழைகிறது. காற்று அடங்கிய இடம். படகுகள் இரவு தங்கப் பொருத்தமானது. கரையிலிருந்து கொஞ்ச தூரம் படி ஏறினால் ஒரு பாறைக் குகை. உள்ளே காவி நிறத்தில் வலைப் பின்னல் போன்ற ஓவியங்கள். ஙாரோ மக்கள் வரைந்தவை.

பிரைஸ் பார்க்கர் என்ற தொல்லியல் அறிஞர் அங்கே தோண்டிப் பார்த்தார். சிப்பி ஓடுகள், அடுப்புக் கரி, கல் கருவிகள் எல்லாம் கிடைத்தன. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள்! சவுத் மோல் தீவின் கல்லும் அந்தக் குகையில் கிடைத்தது. கல் தானாக நடந்து வராது. கடல் சூழ்ந்த பிறகும் யாரோ மலை ஏறி அதை வெட்டி, படகில் ஏற்றிக் கடல் கடந்து கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவ்வளவு நீண்ட வாழ்வு சில பத்தாண்டுகளில் சிதைந்தது. 1861இல் வெள்ளையர்கள் பக்கத்துக் கரையில் போவன் துறைமுகத்தை அமைத்தார்கள். ஆடு மாடு வளர்க்க நிலம் பிடித்தார்கள். எதிர்த்தவர்களைத் துப்பாக்கிப் போலீஸ் வேட்டையாடியது. நோயும் வந்தது. தங்கள் சொந்தத் தீவுகளிலிருந்தே அந்த மக்கள் துரத்தப்பட்டார்கள்.

ஆனால் அவர்கள் அழிந்துவிடவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். குகையின் கதையைப் பயணிகளுக்குச் சொல்லும் ஏற்பாடும் இருக்கிறது. விட்சண்டே, ஹூக், சவுத் மோல் ஆகிய மூன்று தீவுகளின் நடைபாதைகளையும், இடையே உள்ள கடலையும் சேர்த்து அரசாங்கம் ஒரே வழியாக அறிவித்திருக்கிறது. அதற்கு வைத்த பெயர் "ஙாரோ கடல் வழி".

கிழமை தவறி வைத்த பெயர் தீவுகளுக்கு நிலைத்துவிட்டது. ஆனால் பாய் விரித்துப் போய், மலை ஏறி நடக்கும் அந்த வழிக்கு, அதில் முதலில் போனவர்களின் பெயரே இப்போது கிடைத்திருக்கிறது.