‘பை-வீக்லி’யும் ஒரு பாட்டியும்

சில வருடங்களுக்கு முன்பு காலை நிகழ்ச்சியில் இலவசக் கண் பரிசோதனை முகாம் ஒன்றைப் பற்றி அறிவிப்பு வாசித்தேன். செவ்வாய்க்கிழமை ஆரம்பம், அதன்பின் ‘பை-வீக்லி’ என்று ஏற்பாட்டாளர்கள் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். “செவ்வாயில் தொடங்கி வாரம் இரண்டு முறை” என்று தமிழில் சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். செவ்வாய் போக முடியவில்லையாம். வாரம் இரண்டு முறைதானே என்று வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார். கதவு பூட்டியிருந்தது. முகாம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான்! அடுத்ததற்கு இன்னும் பதினோரு நாள்.

“ஏம்மா, ரேடியோவுல சொன்னா சரியா இருக்கும்னுதானே போனேன்?” என்றார்.

அவசரமாக அகராதியைப் புரட்டினேன். ‘பை-வீக்லி’க்கு வாரம் இருமுறை என்றும் பொருள், இரு வாரத்துக்கு ஒருமுறை என்றும் பொருள். மெரியம் வெப்ஸ்டர் அகராதி இரண்டையுமே தருகிறது. ஆக, எழுதியவர் மேலும் தப்பில்லை, வாசித்த என் மேலும் தப்பில்லை. பஸ் காசும் அரை நாளும் போனது பாட்டிக்கு.

ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட சொற்கள் நிறைய. ‘டேபிள்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் மக்களவையில் ஒரு மசோதாவை டேபிள் செய்தால் தாக்கல் செய்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவிலோ ஒத்திப்போடுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லை வைத்து நெடுநேரம் சண்டையிட்டதையும், இரு தரப்பும் கேட்டது ஒன்றேதான் என்பது பிறகே தெரிந்ததையும் சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

‘லிட்டரலி’ இன்னொன்று. “பசியில் லிட்டரலி செத்துட்டேன்” என்று இளசுகள் சொன்னால் ஆங்கில ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். ஆனால் 1769இல் வெளிவந்த ஒரு நாவலிலேயே அந்தச் சொல்லை இப்படி மிகைப்படுத்திப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

நம் ஜார்ஜ்டவுனிலும் ஒன்று இருக்கிறது. 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூல். பெயரைக் கேட்டதும் கட்டணமில்லாத தர்மப் பள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லா இனத்தாருக்கும் மதத்தாருக்கும் திறந்த பள்ளி என்பதே அந்த ‘ஃப்ரீ’யின் பொருள் என்று அதன் வரலாறு அறிந்தவர்கள் திருத்துவார்கள். 1969 வரை பினாங்கு ‘ஃப்ரீ போர்ட்’. அங்கே அதே சொல்லுக்குச் சுங்க வரி இல்லை என்று பொருள். ஒரே சொல்லைத் தமிழில் ஓரிடத்தில் ‘பொது’ என்றும் ஓரிடத்தில் ‘வரியில்லா’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டிலும் ‘இலவசம்’ என்று போட்டால் கதை கெட்டது.

இப்படிப் பொருள் இரண்டுபட்டு நிற்கும் சொற்களை என்ன செய்வது? அமெரிக்க அகராதியாளர் பிரையன் கார்னர் ஒரு வழி சொல்கிறார். ‘டெசிமேட்’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ரோமானியப் படையில் பத்தில் ஒருவரைக் கொல்லும் தண்டனையிலிருந்து வந்தது. இன்று பெரும்பகுதி அழிந்ததைச் சொல்லப் பயன்படுகிறது. புதிய பொருளில் எழுதினால் கவனமாகப் படிப்பவர் முகம் சுளிப்பார், பழைய பொருளில் எழுதினால் மற்றவர்களுக்குப் புரியாது. சண்டை ஓயும்வரை அப்படிப்பட்ட சொல்லையே தொடாதீர்கள் என்பதே அவர் யோசனை.

முன்பெல்லாம் நான் ஆங்கிலத் தவறுகளைத் திருத்துவதில் கொஞ்சம் கெட்டிக்காரி. யார் சொல்வது சரி என்று வாதாடுவேன். பாட்டியின் அழைப்புக்குப் பிறகு அந்த ஆசை குறைந்துவிட்டது. காற்றில் போகிற சொல்லை நேயரால் திருப்பிப் பார்க்க முடியாது. அகராதியில் என் பக்கம் நியாயம் இருந்தாலும், கேட்டவர் தவறான நாளில் போய் நின்றால் அந்த அறிவிப்பால் யாருக்கு என்ன லாபம்?

இப்போது எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் அனுப்பியவருக்கு ஃபோன் போட்டு, தேதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். ‘அடுத்த வெள்ளி’ என்றுகூடச் சொல்வதில்லை. இந்த வாரமா, அதற்கடுத்ததா என்று வீட்டுக்கு வீடு கணக்கு வேறுபடுகிறதே!

உங்கள் சங்கமோ கோயிலோ அறிவிப்பு அனுப்பும்போது நீங்களும் தேதியையே எழுதுங்கள். அந்தப் பாட்டிக்கு அன்றே அடுத்த முகாமின் தேதியைச் சொன்னேன். “எழுதிக்கிறேன், இரு. நிச்சயமாத்தானே?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் ஃபோனை வைத்தார்.