பயிற்சிச் சட்டத்தை யார் எழுதுவது?

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 1844-ஆம் ஆண்டு 28 பேர் கூடி ஒரு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர் இருந்தனர். பின்னாளில் அவர்கள் தங்கள் ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கை அங்கத்தினர் கல்விக்கென ஒதுக்கி வைத்தனர். வயது வந்தோருக்கும் கல்வி வேண்டும். அதற்குரிய பணத்தை முன்னதாகவே எடுத்து வைக்க வேண்டும். எவ்வளவு என்பதைச் சம்பந்தப்பட்டோரே கூடித் தீர்மானிக்க வேண்டும். ஒரு சங்கத்தில் கைகூடிய இம்முறை ஒரு தேசம் முழுமைக்கும் சட்டமாகக் கூடுமா? பிரான்சு நாட்டின் அநுபவம் இதற்கு விடை பகர்கிறது.

1968-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாடெங்கும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. பாரிசில் கிரெனெல் வீதியிலுள்ள தொழில் அமைச்சகத்தில் அரசாங்கத்தாரும் முதலாளிகளும் தொழிற்சங்கத்தாரும் ஒன்றாக அமர்ந்து பேசினர். கூலி உயர்வைப் பற்றிப் பேசிய அதே மேஜையில், தொழிற்பயிற்சிக்கு வழி காண ஆராய்வது என்றும் இசைந்தனர். அதன் பயனாக 1970 ஜூலை 9-ஆம் தேதி முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். தொழிலாளி வேலையை இழக்காமலே விடுப்புப் பெற்றுப் பயிற்சிக்குச் செல்லலாம் என்பது அதன் உயிர்நாடி.

இவ்வுடன்படிக்கையை அடிப்படையாகக் கொண்டே 1971 ஜூலை 16-ஆம் தேதிச் சட்டம் பிறந்தது. பிரதமரின் ஆலோசகராக இருந்த ழாக் தெலோர் அதற்குப் பெரிதும் உழைத்தார். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நிறுவனமும், 1972 முதல், தான் வழங்கும் மொத்தச் சம்பளத்தில் நூற்றுக்கு 0.8 பங்கைப் பயிற்சிக்குச் செலவிட வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. தாமே பேசி ஒப்புக்கொண்ட கடமைகளுக்குச் சட்டம் உருக்கொடுத்தமையால், முதலாளிகள் அதனை அந்நியச் சுமையாகக் கருதித் தள்ளிவிட இயலவில்லை.

எனினும் குறை இல்லாமற் போகவில்லை. ஏற்கெனவே படித்தவரே மேலும் பயிற்சி பெற்றனர். பெரிய ஆலையின் தொழிலாளிக்குக் கிட்டிய வாய்ப்பு, சிறு பட்டறையில் உழைப்பவனுக்கு அரிதாயிற்று. மேஜையைச் சுற்றி அமர்ந்தவர்கள் அமைப்பாகத் திரண்டவர்கள். திரளாதவனுடைய குரல் அங்கே மெலிந்தே கேட்டது. சட்டத்தைக் கூடி இயற்றினால் மட்டும் போதாது, கூடுவோர் யார் யார் என்பதையும் கவனிக்க வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம்.

2007 ஜனவரி 31-ஆம் தேதி மற்றொரு சட்டம் வந்தது. தொழிலுறவு, வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி ஆகியவற்றில் தேசம் தழுவிய சீர்திருத்தம் செய்ய விழையும் அரசாங்கம், முதலில் இருதரப்பாரையும் கலந்து, அவர்கள் பேசி முடிக்க இடந்தர வேண்டும் என்று அது வகுத்தது. இம்முறையிலேயே 2013 டிசம்பரில் ஓர் உடன்படிக்கையும், 2014 மார்ச்சு 5-ஆம் தேதி ஒரு சட்டமும் உருவாயின. அவற்றால் 2015 முதல் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் பயிற்சிக் கணக்கு ஏற்பட்டது. வேலை மாறினாலும் வேலை போனாலும் அக்கணக்கு அவனை விட்டுப் போகாது.

2018-இல் கதை சற்றே திரும்பியது. இருதரப்பாரும் பிப்ரவரி 22-ஆம் தேதி புதிய உடன்படிக்கை செய்தனர். கணக்கு மணிக்கணக்கிலேயே இருக்கட்டும் என்றனர். அரசாங்கமோ அதனைக் கடந்து சென்று, கணக்கைப் பணமாக்கியது. முழுநேரத் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 500 யூரோ, படிப்புக் குறைந்தவருக்கு 800 யூரோ எனச் சட்டமாயிற்று. தொழிலாளி எவர் தயவுமின்றித் தானே பயிற்சியைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் அந்தப் பணத்தைக் குறிவைத்து மோசடிக்காரர் தொலைபேசியில் வலை வீசத் தொடங்கினர். 2022 டிசம்பர் 19-ஆம் தேதி அவ்வழைப்புகளைத் தடைசெய்து தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. தனி மனிதன் கையில் பணத்தைக் கொடுப்பது நல்லதே; அவனருகில் நின்று நல்வழி காட்டும் சங்கம் ஒன்றும் வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

கூட்டுறவாளராகிய நமக்கு இவை புதியவை அல்ல. பொதுக்கூட்டத்தில் கைதூக்கி உபவிதி நிறைவேற்றும் வழக்கம் நமக்கு உண்டு. கல்வி நிதியும் நாம் அறிந்ததே. ஆயினும் அந்த நிதி யாருடைய கல்விக்குச் செலவாகிறது, எந்தப் பயிற்சி வேண்டுமென்று எவரைக் கேட்டு முடிவு செய்யப்படுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? புது விசைத்தறியின் முன் திகைத்து நிற்கும் முதிய நெசவாளரும், மண் பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரியாத சிறு விவசாயியும், கூட்டத்தில் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, முதலில் அவர்களைப் பேசச் சொல்லுவோம். பிரான்சில் அரை நூற்றாண்டாகத் தீராத குறையை, நம் சங்கத்தின் நான்கு சுவர்களுக்குள்ளாவது நாம் தீர்க்க முயல்வோமாக.