தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். புடவைக் கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நூறு புடவையைப் பிரித்துப் போடாமல் ஒன்றை எடுக்கமாட்டோம். ஆனால் மண்பானை வாங்கப் போனால் நம்மில் பலர் செய்கிற முதல் காரியம் என்ன தெரியுமா? பேரம்! பானையைப் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான்.

"நாங்கள் அப்படி இல்லை" என்கிறீர்களா? மிகவும் சந்தோஷம். நான் அப்படித்தான் இருந்தேன், சென்ற சித்திரை மாதம் வரையில்.

சென்னையில் நாங்கள் குடியிருக்கும் பேட்டையில், கோயில் குளத்தைத் தாண்டியதும் ஒரு வேப்பமரம் உண்டு. அதன் நிழலில் ஒரு சின்ன மண்பாண்டக் கடை. மேலே தார்ப்பாய், கீழே வைக்கோல். வைக்கோலின் மேல் பானைகள், சட்டிகள், அகல்கள், குழந்தைகளுக்கு உண்டியல்கள். கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தினமும் அந்த வழியாகத்தான் காய்கறிக்குப் போகிறேன், நின்று பார்த்ததில்லை.

சித்திரை வெயில் கொளுத்தியபோது எங்கள் வீட்டில் ஒரு மகாநாடு கூடிற்று. குழந்தைக்குத் தொண்டை கட்டியதற்கு ஃபிரிஜ் தண்ணீர்தான் காரணம் என்று என் மாமியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஒரு பானை வாங்கிப் போடேன்" என்றார் என் கணவர், பத்திரிகையிலிருந்து தலையை எடுக்காமல். ஆயிற்று, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் என் கண்ணில் பட்டது, சிவப்பு வர்ணம் பளபளக்க, மாங்காய்க் கொடி வரைந்த ஒரு பானை. "அது அழகுக்கு வைக்கிறதும்மா. பெயின்ட் அடிச்சிருக்கு. தண்ணி குளிராது" என்றாள் கடைக்காரி. அதை வைத்துவிட்டு, குழாய் பொருத்திய சாதாரணப் பானை ஒன்றைக் காட்டினேன். விலை ரூ.350 என்றாள். ரூ.250 என்றேன். அவள் சிரித்தாள்.

"மண்தானே! இதற்கு இவ்வளவா?" என்றேன்.

அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. கடைசியில் ரூ.300-க்குப் படிந்தது. பணத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பானையை வைக்கோலில் சுற்ற எடுத்தாள். சுற்றுவதற்கு முன்பு, பழக்க தோஷமோ என்னவோ, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். தலையைச் சாய்த்து மறுபடி தட்டினாள்.

"இது வேணாம்மா" என்றாள்.

"ஏன்? விலை கட்டவில்லையா?" என்று கேட்டேன், சற்றுக் கோபமாகவே.

அவள் ஒன்றும் பேசாமல் கையைத் தண்ணீரில் நனைத்துப் பானையின் வயிற்றில் தடவினாள். சிறிது நேரத்தில் ஈரம் உலர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் தலைமுடி போல ஒரு கோடு உலராமல் நின்றது. விரிசல்! பகல் வெளிச்சத்தில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டும் எனக்குத் தெரியாத விரிசல்.

அந்தப் பானையை அவள் என் தலையில் கட்டியிருக்கலாம். பணம் கைக்கு வந்தாயிற்று. நானோ ஐம்பது ரூபாய்க்காக அவளைக் கால் மணி நேரம் படுத்தி வைத்தவள். ஆனால் அவள் வேறொரு பானையை எடுத்து, அதையும் தட்டிப் பார்த்துக் கட்டிக் கொடுத்தாள். நான் வெட்கத்தோடு அந்த ஐம்பது ரூபாயை நீட்டினேன். "பேசினது பேசினதுதாம்மா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று மறுத்துவிட்டாள். விரிசல் விட்ட பானை ஓரமாகப் போயிற்று. செடி வைப்பவர்கள் யாராவது பாதி விலைக்கு எடுப்பார்களாம்.

அன்று அந்த வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அவளிடம் கற்றதையும் பிறகு நானாக விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

காது சொல்லும்

பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மற்றக் கையின் விரல் முட்டியால் தட்டுங்கள். தரையில் வைத்தபடி தட்டினால் சரியாகக் கேட்காது. நன்றாக வெந்த பானை "கணீர்" என்று பேசும். விரிசல் இருந்தால் "டொக்" என்று அடைத்த குரலில் சொல்லும். வேகாத பானையும் மந்தமாகத்தான் ஒலிக்கும். ஒரே அளவில் நாலு பானைகளைத் தட்டிப் பாருங்கள். வித்தியாசம் தானாக விளங்கும்.

இது ஒன்றும் புதுச் சாஸ்திரமல்ல. கச்சேரி மேடையில் நாம் ரசிக்கும் கடம் பின் என்ன? சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையிலுள்ள மானாமதுரை கடத்துக்குப் பெயர் போன ஊர். அங்கே கடம் செய்யும் மீனாட்சி கேசவன் அம்மையாருக்குச் சங்கீத நாடக அகாதமி விருது வழங்கப்பட்டிருக்கிறது. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சுருதி பார்த்துக் கடம் வாங்குகிற வித்துவானைப் போல நாமும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கை சொல்லும்

கையால் செய்த பானையா, அச்சில் செய்ததா என்று பார்க்க, உள்ளே கையை விடுங்கள். கழுத்தின் உட்புறத்தில் மெல்லிய வளைய வளையமான வரிகள் தட்டுப்பட்டால், அது சக்கரத்தில் குயவரின் விரல் ஓடிய தடம். வயிற்றுப் பகுதியில் லேசான பள்ளங்கள் இருந்தால், அது தட்டிய தடம். அச்சில் செய்த பாத்திரத்தில் இரண்டு பாதிகளை ஒட்டிய கோடு பக்கவாட்டில் தெரியும். அதைத் தேய்த்து மறைப்பதும் உண்டு.

தட்டிய தடம் என்றேனே, அது என்ன? நம் பக்கத்துப் பானையைச் சக்கரத்தில் வனையும்போது அதற்கு அடியே இருக்காது. கழுத்தும் தடித்த வயிறும் மட்டும் உருவாகும். அதை அறுத்து எடுத்து, சற்று உலர்ந்த பிறகு உள்ளே ஒரு கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடுகிறார்கள். ஓங்கித் தட்டினால் ஓட்டை. மெல்லத் தட்டினால் கனம். உருண்டையான அந்த அடி முழுவதும் பொறுமையின் வேலை!

அப்புறம் நிழலில் உலர்த்த வேண்டும். சூளையில் அடுக்க வேண்டும். விறகும் வைக்கோலும் மூட்டிச் சுட வேண்டும். சூளையைப் பிரிக்கும்போது எத்தனை பானை முழுசாக வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடைந்ததற்கும் விறகுச் செலவு ஒன்றுதான்.

"மண்தானே" என்றேன் அல்லவா? அந்த மண்ணும் சும்மா கிடைப்பதில்லை. ஏரியில் மண் எடுக்க அனுமதி வேண்டும். அதற்காகக் குயவர்கள் வெகு காலம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். 2024-ல் தமிழக அரசு முறையை எளிதாக்கி, தாசில்தாரிடமே அனுமதி பெறலாம் என்று செய்தது.

மழையை மட்டும் எந்த உத்தரவாலும் நிறுத்த முடியாதே! ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. பானை உலராது, சூளை எரியாது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கார்த்திகை அகலுக்கும் பொங்கல் பானைக்கும் நாம் கடைக்கு ஓடுகிறோம். "மழையில நாங்க சும்மா குந்தியிருப்போம், தையில எல்லாரும் ஒரே நாள்ல வந்து கொறைச்சுக் குடும்பாங்க" என்றாள் கடைக்காரி. அவள் பிள்ளை சக்கரத்தை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போகிறானாம். செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அவள் வீட்டுக்காரரும் மைத்துனரும் செய்கிறவரைக்கும்தான் இந்தக் கடையாம். அதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்த பிறகு

தண்ணீர்ப் பானைக்கு வர்ணம், வார்னிஷ் எதுவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக நீர் கசிந்து, வெளியே ஆவியாகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. குளிர்ச்சியின் ரகசியம் அதுதான். ஆகையால் பானையைக் காற்றோட்டமான இடத்தில், மணல் பரப்பிய தட்டின் மேல் வையுங்கள். கடற்காற்று ஈரமாக இருக்கும் நாளில் குளிர்ச்சி குறைந்தால் பானையைக் கோபிக்காதீர்கள்!

சமையல் சட்டியை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றக்கூடாது. ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பிறகு அரிசி களைந்த கழுநீரை ஊற்றிச் சிறு தீயில் கொதிக்க வைத்து, தானாக ஆறவிடுங்கள். கஞ்சி துவாரங்களை அடைத்து, சட்டியைப் பழக்கும். எப்போதும் சிறு தீயில் தொடங்குங்கள். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீரை விடாதீர்கள். சோப்பை மண் குடித்துவிடும். தேங்காய் நாரும் கடலை மாவும் போதும். காஸ் அடுப்புக்கு அடி தட்டையான சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இன்டக்ஷன் அடுப்பில் மண்சட்டி சூடேறாது.

இன்னொரு எச்சரிக்கை. பளபளவென்று மெருகு பூசிய வர்ணச் சட்டிகளில் சில மெருகுகளில் ஈயம் கலந்திருக்கக்கூடும். புளிக்குழம்பு, தயிர், எலுமிச்சை ஊறுகாய் போன்ற புளிப்புகள் அதைக் கரைத்து இழுத்துவிடும். உணவுக்கு ஏற்றது என்று நிச்சயமாகத் தெரியாத மெருகுப் பாத்திரத்தை அலமாரியில் அழகுக்கு வையுங்கள். சமையலுக்கு மெருகில்லாத மண்ணே உத்தமம்.

நம் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்களில் பெயர் வெட்டி வைக்கிறோம் அல்லவா? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் மண்பானையில் பெயர் கீறி வைத்தார்கள். கீழடியில் கிடைத்த பானை ஓடு ஒன்றில் "ஆதன்" என்று தமிழி எழுத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் போன பானை திரும்பி வரவேண்டும் என்ற கவலை அப்போதும் இருந்திருக்கும் போலிருக்கிறது!

போன வாரம் தயிர்ச் சட்டி வாங்க எதிர் வீட்டுப் பெண்ணையும் அழைத்துப் போனேன். சட்டியைத் தொடுவதற்கு முன்பே, "பாதி விலைக்குக் கொடுப்பியா?" என்று ஆரம்பித்தாள். கடைக்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் ஒரு சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"விலை இருக்கட்டும். முதலில் தட்டிப் பார்" என்றேன்.

தட்டினாள். "கணீர்" என்றது. அவள் முகத்தில் ஓர் ஆச்சரியம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தாள்!