பதினேழாம் நாள்

நம்ம பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், காரியம் முடிகிற வரைக்கும் அந்த வீட்டுக்கு ஆள் பஞ்சம் இருக்காது. சிலர் வீட்டில் பதினோராம் நாள், சிலர் வீட்டில் பதினாறாம் நாள். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எந்த மொழி பேசுகிற குடும்பமானாலும் அதுவரை பங்காளிகள் வருவார்கள், சம்பந்தி வீட்டார் வருவார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். மாட்டுக்கு யாராவது தண்ணி காட்டிவிடுவார்கள். காரியம் முடிந்த மறுநாள் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவார்கள். சிப்காட்டில் வேலை பார்க்கிற மகன் ஷிப்டுக்குப் போயாக வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கிற மகளுக்கும் லீவு முடிந்திருக்கும். தோட்டத்து வீட்டில் ஒற்றை ஆளாக ஒருவர் மிஞ்சுவார்.

ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் இப்படி மிஞ்சியவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கெலமங்கலம் பக்கம் நாலு ஏக்கரில் ராகியும் அவரையும் மாவும் வைத்திருக்கிறேன். என் மனைவி புற்றுநோயில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. அந்தப் பதினேழாம் நாளில் இருந்து ஒரு வீட்டுக்கு என்னென்ன வேணும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இயற்கை விவசாயப் பத்திரிகையில் இது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, படியுங்கள்.

விவசாயி தற்கொலை என்றாலே நாம் கடன் என்றுதான் பேசுவோம். பயிர்க்கடன் கொடுத்து வசூலும் பண்ணினவன் என்பதால் கடன் சுமை எனக்குத் தெரியும். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். நாடு முழுக்க 1,70,924 தற்கொலைகள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து 19,834 பேருடன் தமிழ்நாடு இரண்டாம் இடம். காரணங்களில் குடும்பப் பிரச்சினை 31.7 விழுக்காடு, நோய் 18.4 விழுக்காடு. இரண்டும் சேர்ந்தால் பாதி வந்துவிடுகிறது. வீட்டுக்குள் நடக்கிற சிக்கலும், தீராத நோயும், ஆற்றுவார் இல்லாத மனக்கஷ்டமும் இதில் அடங்கும். அதே ஆண்டில் விவசாயத்தைச் சார்ந்து இறந்தவர்கள் 11,290 பேர்.

அடுத்தது நம் பேச்சு வழக்கு. "தக்காளிக்கு மருந்து அடிச்சாச்சா?" என்று கேட்போம். "பாவம், மருந்து குடிச்சிட்டாங்க" என்றும் சொல்வோம். இரண்டு இடத்திலும் ஒரே சொல், ஒரே பாட்டில். பாகலூர் ரோஜாத் தோட்டமானாலும் ராயக்கோட்டை தக்காளிக் காடானாலும் அந்தப் பாட்டில் இருக்கிற இடம் பெரும்பாலும் மாட்டுக் கொட்டகை அல்லது சமையலறைப் பரண். கைக்கு எட்டுகிற தூரம்.

மனசு உடைந்தவருக்கு வருகிற அந்த வேகம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஏறும், சில நிமிஷத்திலோ சில மணி நேரத்திலோ இறங்கும். அந்த நேரத்தைத் தாண்டி உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை. ஆகவே அந்த நேரத்தில் கைக்கு எட்டுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓர் உயிர் நிற்பதும் போவதும்.

இதற்குப் பெரிய சாட்சி இலங்கை. 1990-களின் நடுவில் உலகிலேயே தற்கொலை மிக அதிகமான நாடுகளில் அதுவும் ஒன்று. 1995-இல் கொடிய நச்சு வகைப் பூச்சிக்கொல்லிகளை அந்த நாடு தடை செய்தது. 1998-இல் எண்டோசல்பான், 2008 முதல் 2011 வரை இன்னும் மூன்று நஞ்சுகள். 1995-க்கும் 2015-க்கும் இடையில் தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் தடைகளால் நெல், காய்கறி விளைச்சல் விழவில்லை என்றும் ஆய்வு சொல்கிறது. 2021-இல் இரவோடு இரவாக ரசாயன உரத்தை நிறுத்தி, சில மாதத்தில் திரும்பப் பெற்றார்களே, அது வேறு கதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நம் மாநிலத்திலும் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. சென்னையில் 1986-இல் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு ஊர்களில் பூச்சிக்கொல்லிக்கென்று பொதுக் கிடங்கு கட்டினார்கள். உழவருக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று உழவரிடம், ஒன்று கிடங்குப் பொறுப்பாளரிடம். வங்கி லாக்கர் மாதிரியேதான்! இந்த ஏற்பாடு இல்லாத ஊர்களோடு ஒப்பிட்டபோது, கிடங்கு வைத்த ஊர்களில் தற்கொலை கூடுதலாகக் குறைந்திருந்தது. 2013-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அப்படியானால் வீட்டிலேயே ஒரு பெட்டியில் பூட்டி வைத்தால் போதாதா? இலங்கை அனுராதபுரம் மாவட்டத்தில் 180 ஊர்களில், 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் இதைச் சோதித்தார்கள். பாதி ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. சாவி வீட்டிலேயேதானே இருக்கிறது! நஞ்சைப் பூட்டி வைத்தால் போதாது, அது வீட்டை விட்டே போக வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2023 தொடக்கத்தில் 6 பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டது. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மாநிலத்துக்கு உள்ள அதிகாரம் அவ்வளவுதான். நீட்டித்தால் இன்னும் 30 நாள். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். அது வருகிறபோது வரட்டும். நம் வீட்டுக் கொட்டகைக்கு நாம் போடுகிற தடைக்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

இயற்கைக்கு மாறியவர்களுக்கும், மாறப் போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாறி இரண்டு வருஷம் ஆகியும் பழைய பாட்டில் பாதியாகப் பரணில் கிடக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். "காசு கொடுத்து வாங்கினது, இருக்கட்டும்" என்பார்கள். தூரப் போடுங்கள் என்று சொல்லவில்லை. கிணற்றிலோ ஓடையிலோ ஊற்றக் கூடாது, எரிக்கவும் கூடாது. வாங்கிய கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் வழி கேளுங்கள். துக்க வீட்டுக்குப் போகிற உறவுக்காரர் சத்தம் இல்லாமல் செய்யவேண்டிய முதல் வேலை இதுதான். எலி விஷத்துக்கும், சேர்த்து வைத்த மாத்திரைகளுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது, ஆள். மாடு இருந்ததால் நான் காலையில் எழுந்தேன் என்பது உண்மை. பால் கறக்கிற நேரத்துக்கு மாடு காத்திருக்காது. ஆனால் மாடும் மண்ணும் துக்கத்தை ஆற்றிவிடும் என்று எழுதினால் அது பொய். பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தர் மூணு மாசம் தினமும் பால் நேரத்துக்கு வந்து கொட்டகை வாசலில் உட்காருவார். தெலுங்கு கலந்த தமிழில் அவர் வீட்டு ராகிக் களத்தைப் பற்றிப் பேசுவார். சில நாள் ஒன்றும் பேச மாட்டார். "தைரியமா இருங்கண்ணா" என்று ஒரு தடவை கூடச் சொன்னதில்லை. ஒரு நாள் நேராகவே கேட்டார்: "அண்ணா, செத்துப் போயிடலாம்னு ஏதாச்சும் தோணுதா?" எனக்குக் கோபம் வரவில்லை. ஒருத்தர் கேட்டுவிட்டார் என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஆகாது. மருத்துவர்கள் உறுதியாகச் சொல்வது இது. கேட்டால் அவர் பேச வழி கிடைக்கும். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் இதையே ஒரு திட்டமாக்கினார். பயிற்சி பெற்ற பாட்டிமார்கள் சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கஷ்டத்தைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 2016-இல் வந்த ஆய்வில் பெஞ்சில் பேசியவர்களின் மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருந்தது. நமக்குத் திண்ணை இருக்கிறது, மாதக் கூட்டம் இருக்கிறது. உறுப்பினர் வீட்டில் துக்கம் என்றால் இரண்டு பேர் பொறுப்பெடுத்து, காரியத்துக்குப் பிறகு வாரம் ஒரு நாள் போய் உட்காரலாம்.

மூன்றாவது, மருத்துவர். அழுகை வருவதும், தூக்கம் கெடுவதும் நோய் இல்லை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் துக்கம் இளகாமல் அப்படியே இருந்து, சாப்பாடு, தூக்கம், வேலை எதுவும் ஓடாமல் போனால் அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலே அந்த ஆறு மாதக் கணக்கைச் சொல்கிறது. சாவு எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். எனக்குத் தூக்கம் வராமல் போனபோது மனநல மருத்துவரிடம் போனேன். சில மாதம் மாத்திரை சாப்பிட்டேன், சரியாயிற்று. முட்டி வலிக்குப் போவதைப் போலத்தான்.

நம் ஊர்ப் பெயரை வைத்திருக்கிற பெங்களூர் ஓசூர் ரோட்டில்தான் நாட்டின் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. அவர்கள் 1980-களில் பெல்லாரியில் நடத்திக் காட்டியதுதான் பின்னர் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் வந்தது. கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயந்து யாரையும் வீட்டில் மறைத்து வைக்காதீர்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

கடைசியாக வங்கிக்காரனாக ஒரு வார்த்தை. துக்கத்தின் மேல் காகித வேலை ஏறும்போது மனசு இன்னும் உடையும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாஸ்புக் இந்த மூன்றையும் விவரம் தெரிந்த ஒருவர் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 436 ரூபாய் பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் பிடித்தம் என்றால் விபத்துக் காப்பீடு. கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. மூன்றாம் மாதமே நிலத் தரகர் வருவார், "தனியா எதுக்கு சார் கஷ்டப்படறீங்க, பிளாட் போட்டுடலாம்" என்பார். வருஷ திதி முடிகிற வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். விற்க வேண்டியிருந்தாலும், தெளிந்த மனசோடு விற்கலாம்.

நஞ்சில்லா விளைச்சல் என்று நாம் பேசும்போது சாப்பிடுகிறவரைத்தான் நினைக்கிறோம். விளைவிக்கிறவர் வீட்டுக்கும் அந்தச் சொல் பொருந்தட்டும். இந்த வாரம் கொட்டகைப் பரணை ஒரு தடவை பாருங்கள். பிறகு, உங்கள் ஊரில் சமீபத்தில் காரியம் முடிந்த வீடு எது என்று யோசித்து, ஒரு சாயங்காலம் அந்தத் திண்ணையில் போய் உட்காருங்கள்.

உங்களுக்கோ உங்களைச் சேர்ந்தவருக்கோ மனசு தாங்கவில்லை என்றால் எந்த நேரமும் 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104, சினேகாவின் 044-24640050 எண்களும் இருக்கின்றன. இந்தப் பக்கத்தைக் கிழித்து நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாலும் சரிதான்.