விலை தேடுற வேலையை நிரல் பார்க்கட்டும்

எள் களத்துல காயும்போதே வியாபாரி வந்துடுவார். "மார்க்கெட்டே இறங்கிக் கிடக்குண்ணே" என்பதுதான் முதல் பேச்சு. எந்த ஊர்ல இறங்கியிருக்கு, எவ்வளவு இறங்கியிருக்கு என்று திருப்பிக் கேட்க நம்ம கையில கணக்கு வேணும். எங்கள் குழுவில் 14 பேர் எள்ளும் நிலக்கடலையும் போடுகிறோம். விலைக் கணக்கு எழுதுவது என் பொறுப்பு.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் விலை மத்திய அரசின் அக்மார்க்நெட் தளத்தில் கிடைக்கிறது. மாநிலம், மாவட்டம், சந்தை, விளைபொருள், தேதி என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து பொத்தானை அழுத்தணும். ஒரு சந்தைக்குன்னா சரி. 8 சந்தை, 2 பயிர் என்றால் தினமும் 16 தடவை அதே படிவம். நம்ம ஊர் சிக்னலில் இது பொறுமையைச் சோதிக்கிற வேலை.

பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடப்பது ரொம்ப எளிது. 'மாவட்டம் = இது, பயிர் = இது' என்று ஒரு சீட்டு அந்தத் தளத்துக்குப் போகுது, பதிலாக அட்டவணை வருது. சில தளங்களில் அந்தச் சீட்டு முகவரியிலேயே கேள்விக்குறிக்குப் பின்னால் தெரியும். தெரியாவிட்டால் கணினியில் எஃப் 12 விசையை அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்து ஒரு தடவை தேடிப் பாருங்க. என்ன போனது என்று காட்டிவிடும். அதே சீட்டைப் பைத்தானில் எழுதி, சந்தைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பச் சொன்னால் அதுதான் நிரல். காலேஜ் படிக்கிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் ஒரு சாயங்காலத்தில் எழுதிக் கொடுத்துடும்.

இதைவிட நேர்வழி ஒன்று இருக்கு. அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன், இதே மண்டி விலைகளை நிரல்கள் கேட்பதற்கென்றே ஏபிஐ வாசலாகத் திறந்து வைத்திருக்கிறது. இலவசமாகப் பதிவு செய்து ஒரு சாவி வாங்கிக்கணும். அங்கே கொடுத்திருக்கும் மாதிரிச் சாவியை நம்பாதீங்க, 10 வரிக்கு மேல் தராது. கூகுள் ஷீட்டுக்குள்ளேயே 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' எழுதி நேரமும் குறித்துவிட்டால் நம்ம கணினி அணைந்திருந்தாலும் அது ஓடும். என்னைக் கேட்டால் முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

சிக்கல் வருவது பெயர்களில்தான். எள் அங்கே 'செசமம்' என்று தொடங்கும் பெயரிலும், நெல் 'பேடி' என்று தொடங்கும் பெயரிலும் இருக்கும். அடைப்புக்குறி, இடைவெளி உட்பட ஆங்கிலத்தில் அப்படியே போகணும். ஓர் எழுத்து மாறினாலும் பதில் காலியாக வரும், காரணமும் சொல்லாது. வரத்து இல்லாத நாளுக்கும் காலிதான். அதை 0 ரூபாய் என்று எழுதி சராசரி எடுத்தால் விலை படுத்துவிடும். அந்த நாளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

குறைந்த விலை, அதிக விலை, மோடல் விலை என்று 3 வரும். மோடல் என்பது அன்றைக்குப் பெரும்பாலான சரக்கு போன விலை, பேரத்துக்கு அதுதான் உதவும். எல்லாம் குவிண்டால் கணக்கு. எங்க பக்கம் எள்ளை 80 கிலோ மூட்டையாகப் பேசுவதால் 0.8-ஆல் பெருக்கும்படி நிரலிலேயே எழுதிட்டோம். குவிண்டால் 12,000 என்றால் மூட்டை 9,600. இது ரசாயன விவசாயச் சரக்கும் சேர்ந்த விலை. இயற்கை விளைச்சலுக்கு இதை அடிவிலையாக மட்டும் வைத்துக்கொண்டு மேலே பேசணும்.

கேள்விக்கும் கேள்விக்கும் நடுவே 3 விநாடியாவது இடைவெளி விடுங்க. பொதுத்தளத்தை நெரிக்கக் கூடாது. கோணல் எழுத்துகளைக் காட்டி 'படித்து எழுது' என்று கேட்கிற கேப்சா இருந்தால், அங்கே ஆள்தான் வரணும் என்று அர்த்தம். பட்டா, சிட்டா பார்க்கிற பக்கங்களில் நிரலை விடாதீங்க, அது அடுத்தவர் நிலத்து விவரம்.

தொடங்குகிறவர்கள் 1 சந்தை, 1 பயிரோடு ஒரு வாரம் ஓட்டி, கையால் தேடிய விலையோடு ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போன பிறகு அடுத்த சந்தையைச் சேர்க்கலாம்.