சுவரில் சான்றிதழ், கடையில் யார்?

செயற்கை இதய வால்வு பொருத்திக்கொண்டவர் தினமும் சாப்பிடும் மாத்திரை வார்ஃபரின். வால்வில் ரத்தம் உறையாமல் காப்பது அதுதான். உடலில் சேரும் அந்த மருந்தைச் சிதைப்பது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. அவருக்கு ஈறு வீங்குகிறது. பல் மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதித் தருகிறார். அது இந்த நொதியை முடக்கிவிடும். வழக்கமாகச் சாப்பிடும் அளவைத்தான் சாப்பிடுகிறார். ஆனால் ரத்தத்தில் வார்ஃபரின் ஏறிக்கொண்டே போகிறது. சில நாட்களில் ஈறில் கசிவு, சிறுநீரில் சிவப்பு. சிலருக்கு மூளையிலேயே ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்கு ஆபத்தாகிறது.

இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளும் சந்திக்கும் ஒரே இடம், பல நேரங்களில், மெடிக்கல் ஷாப்தான். “வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” இந்த ஒரு கேள்வி போதும். அதைக் கேட்கவும், பதிலில் இருக்கும் ஆபத்தைக் கண்டுகொள்ளவும் படித்தவர் மருந்தாளுநர்.

அவருடைய பதிவுச் சான்றிதழ் மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்க, அவர் வேறெங்கோ வேலை பார்ப்பது நம் ஊர்களில் பலரும் அறிந்த வழக்கம். சர்டிபிகேட்டை ‘வாடகைக்கு விடுவது’ என்றே சொல்கிறார்கள். படித்த படிப்புக்குச் சம்பளம் போதாத இளைஞர்களே பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். அந்த நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் இது பெரும் தவறு.

மருத்துவர் சீட்டுக்குரிய மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் வழங்கக்கூடாது என்கிறது 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. மீறினால் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் வழங்க வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள். கடைக்கு வராமல் சான்றிதழை மட்டும் உரிமையாளருக்குக் கொடுப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட கடைகளுக்குக் கொடுப்பதும் தொழில் ஒழுக்கக்கேடு என்று 2015-இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. விசாரணையில் உறுதியானால் பதிவேட்டிலிருந்தே பெயர் போகலாம்.

“நான் அன்றைக்குக் கடையிலேயே இல்லை” என்பது இங்கே தப்பிக்கும் வழியல்ல. அங்கே இல்லாததுதான் குற்றச்சாட்டே.

சான்றிதழை எங்காவது கொடுத்து வைத்திருக்கும் மருந்தாளுநர்களே, இன்றே திரும்ப வாங்குங்கள். விலகிய தேதியைக் குறிப்பிட்டு உரிமையாளருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.